லாடன்டிஷ்: ஒரு பலகை கடையான கதை



காலையில் வாசல் தெளித்துக் கடையைத் திறக்கிறோம். கல்லாவில் உட்காருகிறோம். இரவு கடை சாத்தும் வரை நமக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே ஒரு மேசை நின்றுகொண்டே இருக்கிறது. சரக்கு அதன் மேல்தான் வந்து இறங்குகிறது. பணமும் அதன் மேல்தான் கைமாறுகிறது. பேரம், கடன், சமாதானம், சண்டை எல்லாம் அதன் இரு பக்கமும் நின்றுதான் நடக்கின்றன. ஆனால் அந்த மேசைக்கு என்ன பெயர், ஏன் அந்தப் பெயர் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

நாம் அதைக் ‘கவுண்டர்’ என்று ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகிவிட்டோம். ஜெர்மானியர்கள் அதை ‘லாடன்டிஷ்’ என்கிறார்கள். பார்வைக்குச் சாதாரணச் சொல். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால், சில்லறை வணிகம் எங்கிருந்து தொடங்கியது, வாங்குபவரின் நம்பிக்கை எதில் அடங்கியிருக்கிறது என்பதெல்லாம் தெரிய வருகிறது. இம்முறை அந்த ஒரு சொல்லையே நமது பாடமாக எடுத்துக்கொள்வோம். மொழிப் பாடம் போலத் தொடங்கினாலும், முடியும்போது இது வணிகப் பாடமாகவே இருக்கும்.

இரண்டு சொல், ஒரு பொருள்

ஜெர்மன் மொழியில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருளுக்குப் பெயர் வேண்டுமானால், கையில் இருக்கிற சொற்களையே ஒன்றோடொன்று சேர்த்துப் பெயர் வைத்துவிடுவார்கள். வீட்டுச் சாமான்களின் பெயர்களைப் பார்த்தாலே இது விளங்கும். ‘ஷ்ரைபன்’ என்றால் எழுதுதல். ‘டிஷ்’ என்றால் மேசை. எழுதும் மேசைக்கு ‘ஷ்ரைப்டிஷ்’ என்று பெயர். கட்டில் ஓரத்தில் விளக்கு வைக்கும் சிறு மேசை ‘நாக்ட்டிஷ்’, அதாவது இரவு மேசை. துணி வைக்கும் அலமாரி ‘க்லைடர்ஷ்ராங்க்’, அதாவது உடை அலமாரி.

இது நமக்குப் புதிதல்ல. நான்கு கால் உள்ளதை நாற்காலி என்கிறோம். பெட்டி போன்ற கடையைப் பெட்டிக்கடை என்கிறோம். இதில் ஒரு விதி இருப்பதையும் கவனிக்க வேண்டும். ‘அரிசிக் கடை’ என்றால் அது கடை. ‘கடை அரிசி’ என்றால் அது அரிசி. கடைசியில் நிற்கும் சொல்தான் பொருள் என்ன என்று சொல்கிறது. முன்னால் நிற்கும் சொல் அது எப்படிப்பட்டது என்று சொல்கிறது. ஜெர்மன் மொழியிலும் இதே விதிதான். எனவே லாடன்டிஷ் என்பது ஒரு டிஷ், ஒரு மேசை. எப்படிப்பட்ட மேசை? லாடனுக்கு உரிய மேசை. இன்றைய ஜெர்மன் மொழியில் ‘லாடன்’ என்றால் கடை. ஆகவே, லாடன்டிஷ் என்றால் கடை மேசை.

இத்துடன் பாடம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் உண்மையான பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால் லாடன் என்ற சொல்லுக்கு ஆதியில் கடை என்ற பொருளே கிடையாது.

லாடன் என்றால் பலகை

பழைய ஜெர்மன் மொழியில் லாடன் என்றால் மரப்பலகை. மரச்சட்டத்தைக் குறிக்கும் ‘லட்டெ’ என்ற சொல்லுக்கு இது உறவு என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். முதலில் பலகை, பிறகு பலகையால் செய்த சன்னல் மூடி, பிறகு அந்த மூடியைத் திறந்துவைத்துச் சரக்கு விற்கும் இடம், கடைசியில் கடை. இப்படிப் படிப்படியாகத்தான் பொருள் நகர்ந்திருக்கிறது.

இந்த நகர்வு எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, ஐரோப்பாவின் இடைக்கால நகரத் தெருவைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். அப்போது கடை என்று தனிக் கட்டடம் பெரும்பாலும் இல்லை. ரொட்டி சுடுபவர், செருப்புத் தைப்பவர், சாமான் விற்பவர் என எல்லோரும் தெருவைப் பார்த்த முன்னறையில்தான் தொழில் செய்தார்கள். அந்த அறையின் சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, பலகை மூடிதான். அந்த மூடி பல இடங்களில் மேலும் கீழுமாக இரண்டாகப் பிளந்திருக்கும். காலையில் மேல் பலகையைத் தூக்கி நிறுத்தினால் வெயிலுக்கும் மழைக்கும் தாழ்வாரம் ஆயிற்று. கீழ்ப் பலகையைத் தெருப்பக்கம் சாய்த்து முட்டுக் கொடுத்தால் சரக்கு பரப்பும் மேடை ஆயிற்று. வாங்குபவர் உள்ளே வருவதில்லை. தெருவில் நின்றபடியே பார்த்து, தொட்டு, விலை கேட்டு வாங்கிச் செல்வார். மாலையில் இரண்டு பலகைகளையும் மூடித் தாழிட்டால் கடை சாத்தியாயிற்று.

ஆகவே பலகை இறங்கியிருந்தால் வியாபாரம் உண்டு; பலகை ஏறியிருந்தால் வியாபாரம் இல்லை. பலகையே கடைக்கு அடையாளமாக இருந்தது. அதனால் பலகையின் பெயரே கடையின் பெயராக நிலைத்துவிட்டது.

நம் ஊர்ப் பழைய கடைவீதிகளில் வரிசை எண் எழுதிய நெட்டைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காடியில் செருகிக் கடை சாத்தியதைப் பார்த்த மூத்த வணிகர்களுக்கு இது எளிதாக விளங்கும்.

அந்தப் பழைய பொருள் இன்றும் அடியோடு அழியவில்லை. சன்னலின் மரக்கதவை ஜெர்மானியர்கள் ‘ஃபென்ஸ்டர்லாடன்’ என்கிறார்கள். சுருட்டி இறக்கும் ஷட்டருக்கு அவர்கள் மொழியில் ‘ரோல்லாடன்’ என்று பெயர். பலகை போய்த் தகடு வந்த பிறகும், உருளும் பலகை என்ற பெயர் மாறவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே சொற்களை உறவாக்கிவிடக் கூடாது. ஜெர்மன் மொழியில் ‘லாடன்’ என்று வினைச்சொல்லும் உண்டு. அதற்குப் பாரம் ஏற்றுதல் என்று பொருள். அந்த வினையின் வழியில் வந்த ‘லாடெ’ என்ற சொல் பெட்டியைக் குறிக்கும். மேசை இழுப்பறைக்கு ‘ஷூப்லாடெ’ என்று பெயர். தள்ளும் பெட்டி என்பது அதன் பொருள். கடை மேசையில் இழுப்பறையும் இருப்பதால் இரண்டும் ஒரே குடும்பம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கடையின் லாடன் பலகை வம்சம். இழுப்பறையின் லாடெ பாரம் ஏற்றும் வம்சம்.

டிஷ் என்றால் தட்டு

இனி, சொல்லின் பின்பாதி. டிஷ் என்பது ஜெர்மன் மண்ணில் பிறந்த சொல் அல்ல. கிரேக்க மொழியில் ‘டிஸ்கோஸ்’ என்றால் விளையாட்டு வீரர்கள் சுழற்றி எறியும் வட்டு. அது ‘டிஸ்குஸ்’ என்று லத்தீனுக்குப் போய், வட்டு என்ற பொருளோடு தட்டையான உணவுத் தட்டையும் குறித்தது. ரோமானியரிடமிருந்து அது ஜெர்மானியர் வாய்க்கு வந்தது. அக்காலத்தில் ஒவ்வொருவர் முன்பும் தனித்தனியே சிறு பலகை அல்லது தட்டு வைத்து உணவு பரிமாறினார்கள். தட்டும் அதைத் தாங்கிய சிறு பலகையும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் தட்டின் பெயர் நாளடைவில் மேசைக்கு ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் பாத்திரத்தைக் குறிக்கும் ‘டிஷ்’, எழுதும் மேசையைக் குறிக்கும் ‘டெஸ்க்’, வட்டைக் குறிக்கும் ‘டிஸ்க்’ ஆகிய மூன்றும் இதே கிரேக்க வட்டின் வழித்தோன்றல்களே.

பொருளோடு சேர்ந்து பெயரும் கடல் கடந்து வருவது நமக்கும் தெரிந்ததுதான். மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகியவை போர்த்துக்கீசியரோடு தமிழுக்கு வந்த சொற்கள். நம் மண்டிகளில் கூறும் ‘ஏலம்’ கூட அவர்கள் வழியாக வந்ததுதான்.

ஆக, லாடன்டிஷ் என்ற சொல்லின் வேர்களை மட்டும் எடுத்து எழுதினால் ‘பலகைத் தட்டு’ என்று வருகிறது. சரக்கைப் பரப்பிக் காட்டும் இடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியுமா?

யார் பக்கம் நின்று பெயர் வைத்தார்கள்?

கடை மேசைக்கு வேறு பெயர்களும் உண்டு. அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் லாடன்டிஷ் என்ற பெயரின் தனிச்சிறப்பு புலப்படும்.

முதலில் நாம் சொல்லும் கவுண்டர். எண்ணுதல், கணக்கிடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காசு எண்ணும் மேசை என்பதே அதன் பொருள். அதே பிரெஞ்சுச் சொல்தான் ஜெர்மன் மொழியில் ‘கொன்டோர்’ என்று ஆகி, பெரிய வணிகர்களின் கணக்கு அலுவலகத்தைக் குறித்தது.

இரண்டாவது ‘ட்ரேஸன்’. வட ஜெர்மனியில் கடை மேசைக்கும் மதுக்கடை மேசைக்கும் வழங்கும் பெயர். இதன் வேர் கருவூலம் என்று பொருள்படும் சொல். கருவூலம் என்பது பணப்பெட்டியாகி, பணப்பெட்டி இருக்கும் மேசையாகியிருக்கிறது.

மூன்றாவது ‘டேக்கெ’. கிரேக்க மொழியில் பெட்டி, வைப்பிடம் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. மருந்துக் கடையைக் குறிக்கும் ‘அப்போடேக்’, நூலகத்தைக் குறிக்கும் ‘பிப்லியோடேக்’ ஆகிய ஜெர்மன் சொற்களில் இருப்பதும் இதே வேர்தான்.

நான்காவது, நாம் எல்லோரும் அறிந்த பாங்க். ‘பாங்க்’ என்பது ஜெர்மானிய இனச் சொல். உட்காரும் நீள்பலகை, பெஞ்சு என்று பொருள். அது இத்தாலிக்குப் போனது. அங்கே நாணயம் மாற்றுபவர்கள் தெருவில் போட்டிருந்த மேசைக்குப் பெயராயிற்று. அங்கிருந்து பணம் கொடுக்கல் வாங்கல் செய்யும் நிறுவனம் என்ற புதுப் பொருளோடு ஜெர்மனிக்கே திரும்பி வந்தது. இன்றும் ஜெர்மன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பன்மையில் மட்டும் பெஞ்சுகள் ‘பெங்கெ’ என்றும், வங்கிகள் ‘பாங்கன்’ என்றும் பிரிகின்றன. நொடித்துப்போனவரைக் குறிக்கும் ‘பாங்க்ரோட்’ என்ற சொல்லுக்கு இத்தாலிய மூலத்தில் ‘உடைந்த மேசை’ என்று பொருள். மேசை போனால் வணிகர் போனார் என்பதே அதன் கருத்து.

இந்தப் பெயர்களை இப்போது வரிசையாக நிறுத்திப் பாருங்கள். எண்ணும் மேசை, கருவூலம், பெட்டி, நாணயம் மாற்றுபவர் அமர்ந்திருக்கும் மேசை. இவை எல்லாம் மேசைக்கு உள்பக்கம், அதாவது நம் பக்கம் நின்று பார்த்து வைத்த பெயர்கள். லாடன் என்ற பெயர் மட்டும் தெருப்பக்கம் நின்று வைத்த பெயர். நடந்து போகிறவர் கண்ணில் படுவது நமது கல்லா அல்ல. திறந்து இறக்கிய பலகையும் அதன் மேல் இருக்கும் சரக்கும்தான். வாங்க வருபவரின் கண் கொண்டு கடைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தின் மையக் கருத்து இதுதான்.

கண்ணெதிரே வைத்த சரக்கு, கல்லில் செதுக்கிய அளவு

பலகை தெருவைப் பார்த்து இருந்ததால் ஒரு கட்டுப்பாடும் தானாக வந்தது. விற்பது எல்லார் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்பதே அது. இடைக்கால ஜெர்மன் நகரங்கள் இதை மிகவும் வலியுறுத்தின. நகர வாயிலுக்கு வெளியே வழிமறித்துச் சரக்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிப் பதுக்குவதற்கு ‘ஃப்யூர்கௌஃப்’ என்று பெயர். நகர மன்றங்கள் பலவும் அதைத் தடை செய்திருந்தன. சரக்கு சந்தைக்கு வர வேண்டும், பலகையில் ஏற வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அக்கால நியாயம்.

தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஃப்ரைபுர்க் நகருக்குப் போகிறவர்கள் இதற்குச் சான்றை இன்றும் காணலாம். அங்குள்ள பெரிய தேவாலயத்தின் கோபுர வாயிலில், கல்லிலேயே ரொட்டியின் அளவுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 1270, 1317, 1320 ஆகிய ஆண்டுகள் அவற்றோடு குறிக்கப்பட்டுள்ளன. தானியம், செங்கல் முதலியவற்றின் அளவுகளும் அங்கே உண்டு. தேவாலயத்தைச் சுற்றித்தான் சந்தை; இன்றும் அங்கே சந்தை கூடுகிறது. வாங்கிய ரொட்டியின் மீது சந்தேகம் வந்தால் நாலடி நடந்து சுவரில் பார்த்துக்கொள்ளலாம்.

ரொட்டிக்கு ஏன் ஆண்டுக்கு ஆண்டு வேறு அளவு என்ற கேள்வி எழும். அக்காலத்தில் ரொட்டியின் விலையை மாற்றாமல், தானியம் மலிந்தால் ரொட்டியைப் பெரிதாக்குவதும், தானியம் ஏறினால் சிறிதாக்குவதும் வழக்கம். 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்படிப்பட்ட காலத்தில் அளவைக் கல்லில் செதுக்கி வைத்தது வாங்குபவரை மட்டும் காப்பாற்றவில்லை. நேர்மையாக விற்றவரையும் அதுவே காப்பாற்றியது. “நான் குறைக்கவில்லை, வேண்டுமானால் சுவரில் பார்” என்று அவர் தலை நிமிர்ந்து சொல்ல முடிந்தது.

நம்மைப் போன்ற மளிகை வணிகரை ஜெர்மானியர்கள் முன்பு ‘க்ரேமர்’ என்றார்கள். ‘க்ராம்’ என்றால் முதலில் கடைக்கு மேலே இழுத்துக் கட்டிய துணிப்பந்தல். பிறகு பந்தலின் கீழ் உள்ள சாவடி. பிறகு அதில் விற்கும் சில்லறைச் சாமான். கூரைத் துணியும் கடைப் பலகையுமாகச் சேர்ந்துதான் அவர்கள் வணிகச் சொற்கள் உருவாகியிருக்கின்றன. எர்ஃபுர்ட் என்ற நகரில் க்ரேமர்களின் பெயரிலேயே ஒரு பாலம் உள்ளது. மரப்பாலம் தீயில் எரிந்ததால் 1325-இல் கல் பாலமாகக் கட்டினார்கள். பாலத்தின் இரு புறமும் கடைகளும் அவற்றின் மேல் வீடுகளுமாக இன்றும் ஆள் வாழ்கிறது.

அந்தப் பலகைகளில் பரப்பிய விலையுயர்ந்த சரக்குகளில் ஒன்று மிளகு. அது நம் தென்னாட்டு மேற்குக் கரையிலிருந்து அரபு வணிகர், வெனிஸ் வணிகர் எனப் பல கை மாறி அங்கே போய்ச் சேர்ந்தது. மிளகைக் குறிக்கும் ‘ப்ஃபெஃபர்’ என்ற ஜெர்மன் சொல்லும் லத்தீன், கிரேக்கம் வழியாக நம் நாட்டுப் ‘பிப்பலி’ என்ற சொல்லுக்கே போய்ச் சேர்கிறது. நாட்டு மருந்துக் கடையில் திப்பிலி விற்கும் வணிகர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி.

மேசைக்கு அடியில் போன சரக்கு

பலகையின் மேல் இருப்பது நம்பிக்கை என்றால், பலகைக்கு அடியில் போவது என்ன? ஜெர்மானியர்கள் இதையும் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள்.

1939-இல் போர் தொடங்கும் நேரத்தில் அங்கே உணவுப் பங்கீட்டு அட்டை வந்தது. போர் முடிந்த பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. பழைய பணமான ரைஷ்மார்க்குக்கு மதிப்பில்லை. அமெரிக்க சிகரெட்டே பணம் போலப் புழங்கியது. வணிகரின் இக்கட்டையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். கையில் உள்ள சரக்கைக் கட்டுப்பாட்டு விலைக்கு விற்றுவிட்டால், அந்தப் பணத்தைக் கொண்டு மறுபடி சரக்கு எடுக்க முடியாது. அதனால் பல கடைகளில் அலமாரி காலி; உள்ளே சரக்கு. தெரிந்தவருக்கும், பண்டமாற்றாக வேறு பொருள் கொண்டுவந்தவருக்கும் மட்டும் லாடன்டிஷுக்கு அடியிலிருந்து பொட்டலம் வந்தது.

1948 ஜூன் 20 அன்று மேற்கு ஜெர்மனியில் புதிய டாய்ச்மார்க் நாணயம் வந்தது. முதல் தவணையாக ஆளுக்கு 40 மார்க் கொடுத்தார்கள். மறுநாளே கடைச் சன்னல்களில் சரக்கு நிரம்பி வழிந்தது. காலணி, துணி, பாத்திரம் எனப் பல மாதங்களாகக் கண்ணில் படாதவை எல்லாம் ஒரே இரவில் வெளியே வந்துவிட்டன. மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் “இவ்வளவும் நேற்றும் இங்கேதானே இருந்தது?” என்ற கசப்பும் கூடவே வந்தது. அடுத்த சில மாதங்களில் விலை ஏறியபோது அந்தக் கசப்பு கோபமாயிற்று. 1948 நவம்பர் 12 அன்று விலையேற்றத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

கிழக்கு ஜெர்மனியில் தட்டுப்பாடு பிறகும் நீடித்தது. அங்கே மக்கள் ஒரு சொல்லை வழங்கினார்கள்: ‘ப்யூக்வாரெ’. ‘ப்யூக்கன்’ என்றால் குனிதல். ‘வாரெ’ என்றால் சரக்கு. விற்பவர் மேசைக்கு அடியில் குனிந்து எடுத்துத் தரும் சரக்கு என்று பொருள். 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்துவிட்டன; தட்டுப்பாடும் தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தச் சொல் இன்னும் அகராதியில் இருக்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் எந்தக் கடைக்காரர் யாருக்குக் குனிந்தார் என்பதை ஊர் சுலபத்தில் மறப்பதில்லை. நாமும் பல தட்டுப்பாடுகளைக் கண்டவர்கள்தாம். இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மேசையை எடுத்துவிட்டால்?

கடைசியாக ஒரு கேள்வி. மேசையே இல்லாத கடை வந்தபோது என்ன ஆயிற்று?

1916-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் க்ளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளரே உள்ளே போய் எடுத்துக்கொள்ளும் கடையைத் தொடங்கினார். ஜெர்மனியில் 1938-இல் ஓஸ்னாப்ரூக் நகரில் ஹெர்பர்ட் எக்லோ அப்படியொரு கடையைத் திறந்தார். போருக்குப் பிறகு இந்த முறை நாடெங்கும் பரவியது. லாடன்டிஷுக்குப் பின்னால் நின்று பொட்டலம் கட்டிய சிறு மளிகைக் கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அந்தக் கடைகளை ‘எம்மா அத்தை கடை’ என்று இன்றும் அங்கே பாசத்தோடு சொல்கிறார்கள். ஆனால் பாசம் மட்டும் கடையைக் காப்பாற்றவில்லை.

தாக்குப்பிடித்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எடேக்கா. 1898-இல் பெர்லினில் சிறு மளிகை வணிகர்கள் ஒன்றுகூடி, சரக்கைக் கூட்டாகக் கொள்முதல் செய்ய ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். காப்பி, தேயிலை, சர்க்கரை, அரிசி, மசாலா விற்போரின் கொள்முதல் கூட்டுறவு என்பது அதன் நீண்ட பெயர். அந்தப் பெயரின் முதலெழுத்துகளான இ, டி, கே மூன்றையும் ஜெர்மன் உச்சரிப்பில் படித்தால் ‘எடேக்கா’ என்று வரும். 1907-இல் பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து நாடு தழுவிய அமைப்பாயின. இன்று ஜெர்மனியின் மிகப் பெரிய உணவுப் பொருள் விற்பனை அமைப்பு அதுதான். அதன் கடைகளில் பலவற்றை இன்றும் தனிப்பட்ட வணிகர்களே சொந்தமாக நடத்துகிறார்கள். தனியாக நின்ற மேசைகள் மறைந்தன. சேர்ந்து நின்றவை நிலைத்தன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மேசையை அகற்றிய பெரிய கடைகளே பாலாடைக்கட்டி, இறைச்சி, ரொட்டி விற்கும் பகுதியில் டேக்கெ என்ற பெயரில் ஆள் நின்று எடுத்துக் கொடுக்கும் மேசையை வைத்திருக்கின்றன. எடை போட்டு, நறுக்கிக் கொடுத்து, “இது நேற்று வந்தது, இது இன்று வந்தது” என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான்களில் கூட ‘கௌஃப்லாடன்’ என்ற குட்டி மளிகைக் கடை உண்டு. குட்டி இழுப்பறைகள், குட்டித் தராசு, நடுவில் குட்டி லாடன்டிஷ்! மேசை இல்லாமல் குழந்தையின் கடை விளையாட்டுகூட நடப்பதில்லை.

நினைவில் வைக்க

லாடன்: முதலில் பலகை, பிறகு சன்னல் மூடி, பிறகு கடை.
டிஷ்: முதலில் வட்டு, பிறகு தட்டு, பிறகு மேசை.
லாடன்ப்ரைஸ்: கடை விலை, அதாவது சில்லறை விலை.
லாடன்ஷ்லுஸ்: கடை சாத்தும் நேரம்.
லாடன்ஹ்யூட்டர்: நேர்ப் பொருளில் ‘கடைக் காவலாளி’. விற்காமல் அலமாரியிலேயே கிடந்து கடையைக் காவல் காக்கும் சரக்கு!
லாடன்டிஷ் மேல் போனது: விற்றுப்போனது.
ப்யூக்வாரெ: குனிந்து எடுத்துத் தரும் சரக்கு.

நம் மேசைக்கு நான்கு கேள்விகள்

பாடத்தைப் படித்து முடித்ததும் நம் கடை மேசையின் வெளிப்பக்கம் போய் ஐந்து நிமிடம் நின்று பார்ப்போம். ஆண்டுக்கணக்கில் உள்பக்கமே நின்ற நமக்கு அது வேறு கடையாகத் தெரியும்.

முதலாவது, தராசு எண் யாருக்குத் தெரிகிறது? நமக்கு மட்டும் தெரிந்தால் திருப்பி வைப்போம். ஃப்ரைபுர்க் ரொட்டி வணிகருக்குத் தேவாலயச் சுவர் செய்த உதவியை நமக்கு அந்தத் தராசு செய்யும்.

இரண்டாவது, விலைப் பலகை கண் மட்டத்தில் இருக்கிறதா, மிட்டாய் ஜாடிக்குப் பின்னால் மறைந்திருக்கிறதா?

மூன்றாவது, மேசைக்கு மேலேயே தூசி பிடித்துக் காவல் காக்கும் சரக்கு எத்தனை? காலாவதி தேதியைப் பார்த்து இன்றே அகற்றுவோம். முடங்கிய முதல் லாபம் தராது.

நான்காவது, மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது? வழக்கமான வாடிக்கையாளருக்கு என்று எடுத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் “இல்லை” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் குனிந்து எடுத்துக் கொடுத்தால், முதலாமவர் திரும்பி வரமாட்டார்.

பலகையை இறக்கித் தெருவைப் பார்த்துச் சரக்கைப் பரப்பியவர்கள் நம் தொழிலின் முன்னோர்கள். அவர்கள் விட்டுப்போன பெயரில் இருக்கும் செய்தி ஒன்றுதான்: கடை என்பது மறைத்து வைக்கும் இடம் அல்ல, காட்டி விற்கும் இடம். நாளைக் காலை ஷட்டரைத் தூக்கும்போது அதை நினைவில் கொள்வோம்.